தோப்புக்குள்ள ஜேசிபி விடாதீங்க: எங்க ஊராட்சிக்கு ஒரு திறந்த மடல்

பிரசிடென்ட் அண்ணனுக்கும், வார்டு மெம்பருங்களுக்கும், கிளர்க் சாருக்கும், இளைஞர் மன்றத்து தம்பிங்களுக்கும் வணக்கம்.

நான் மேட்டுத்தெரு கடைசி வூட்டு பொண்ணு. ஆடு மேய்க்கிற அம்மான்னா ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அவங்க மக. ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்கு போயிக்கினு இருக்கேன், இத கம்பெனி பஸ்ல உக்காந்து நாலு நாளா விட்டு விட்டு டைப் பண்றேன், அதனால அங்கங்க எகிறும், பொறுத்துக்கங்க. ஊர் பேரு வேணும்னே போடல. வெளியூர்காரங்க படிச்சா அணைக்கட்டு பக்கம் ஏதோ ஒரு ஊர்னு வெச்சிக்கட்டும்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில பச்சையம்மன் கோயில் பின்னாடி இருக்குற தோப்ப சுத்தம் பண்ணி பூங்கா மாதிரி ஆக்கறதா தீர்மானம் படிச்சீங்க. ஜேசிபி விட்டு புதரெல்லாம் வழிச்சிட்டு, சுத்தி கம்பி வேலி, கேட்டு, பூட்டு, உள்ள பேவர் பிளாக், நடுவுல 500 செடி வெச்சு குறுங்காடு. கை தூக்க சொன்னப்போ நானும் தான் தூக்கினேன், பொய் சொல்லல, ஓவர்டைம் முடிச்சு வந்த தூக்க கலக்கம், எல்லாரும் தூக்கினாங்க நானும் தூக்கிட்டேன். வூட்டுக்கு வந்து எங்க ஆயா (பாட்டி) கிட்ட சொன்னா அது மல்லாட்ட (வேர்க்கடலை) உரிச்சிக்கினு இருந்தது, கைய நிறுத்தாம "ஜேசிபி பூந்துட்டு வந்தா அது நெல்லு அடிக்கிற களம் தான், அப்பால தோப்பு ஏது"ன்னுச்சு. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை ஆயாவ கூட்டிக்கினு தோப்புக்குள்ள போனேன், சின்ன வயசுக்கு அப்புறம் இப்ப தான் முழுசா உள்ள போறேன்.

நீங்க யாரும் உள்ள போயி வருஷமாச்சுன்னு எனக்கு தெரியும், ஏன்னா வழியே இல்ல. கோயில் பக்கத்துல இருந்து பத்தடி போனா உண்ணிச்செடி, அத தாண்டினா சீமை கருவேலம், அதுக்குள்ள குவாட்டர் பாட்டிலு. அங்க நின்னு பாத்துட்டு தான் எல்லாரும் இது புதர், பாம்பு இருக்கும், சுத்தம் பண்ணணும்ன்றாங்க. ஆயா தொரட்டிக்கோலால தள்ளி தள்ளி வழி பண்ணிக்கினே போச்சு. உள்ள போனா வேற மாதிரி இருக்கு. நாலு இலுப்பை, ஒவ்வொன்னும் ரெண்டு பேர் கட்டிப் புடிக்கணும். புங்கன் வரிசையா. துரிஞ்சி மரம் அடியில இருந்து அஞ்சாறு தண்டா கெளம்பி நிக்குது. வீரை, பாலைப்பழ மரம், களா, ஏரி பக்கம் நொச்சியும் ஈச்சமும். வெளிய வெயில் மண்டையப் பொளக்குது, உள்ள நம்ம வேலூர் தானான்னு சந்தேகம் வர்ற மாதிரி இருக்கு.

ஒரு எடத்துல ஆயா குந்திக்கினு உண்ணிச்செடிய மெதுவா ஒதுக்கி காமிச்சுது. முழங்கால் ஒசரத்துக்கு ஒரு செடி, எதிரெதிரா எலை, லேசா வெளுத்த பச்சை. சந்தனம். யாரும் வெக்கல, குயிலோ வேற குருவியோ பழத்த தின்னுட்டு போட்ட கொட்டையில வந்தது. சந்தனம் தனியா வளராதாம், அதோட வேரு பக்கத்து செடி வேர புடிச்சு உறிஞ்சி தான் பொழைக்கும், பக்கத்துல புதர் இருந்தா தான் அது இருக்கும். அதாவது நீங்க வழிச்சு போட போற புதர் தான் அதுக்கு தாய்வூடு. எந்த எடம்னு சொல்ல மாட்டேன், ஜவ்வாது மலைய பக்கத்துல வெச்சிருக்குற ஜில்லாக்காரங்களுக்கு ஏன்னு சொல்ல வேண்டியதில்ல, சொன்னா மரமாவுறதுக்குள்ள கட்டை தான் மிச்சம் இருக்கும்.

இப்ப ஜேசிபி போனா என்ன ஆவும்னு யோசிச்சு பாருங்க. பெரிய மரத்த விட்டுட்டு தான் வழிப்போம்னு சொல்றீங்க, சரி, ஆனா அந்த பெரிய மரத்தோட குட்டிங்க எல்லாம் கீழ தான இருக்கு. இலுப்பை கன்னு மட்டும் ஒரே மரத்தடியில ரெண்டு ரெண்டா எண்ணினேன், அப்புறம் எண்றத விட்டுட்டேன். அதெல்லாம் ஜேசிபியோட ஒரே வழிப்புல போயிடும், மண்ணு அழுந்தி கெட்டியாவும், பொரண்ட மண்ணுல முதல் மழைக்கு மொளைக்கறது பார்த்தீனியமும் மறுபடி அதே சீமை கருவேலமும் தான். ஏரிக்கரை ஓரமா ரோட்டு பக்கம் ஜேசிபி சுத்தம் பண்ண எடத்த போயி பாருங்க, ரெண்டு வருஷம் கூட ஆவல, முன்ன விட அடர்த்தியா நிக்குது.

சீமை கருவேலத்த பத்தி சொல்லிட்றேன். அது அமெரிக்கா கண்டத்துல இருந்து வந்தது, மேல வெட்டினா சாவாது, ஒன்னு வெட்டினா நாலா கெளம்பும், அதோட உயிரு தரைக்கு கீழ ஒரு அடியில தண்டும் வேரும் சேர்ற எடத்துல இருக்கு. மழை பேஞ்சு மண்ணு நெகிழ்ந்த மறுநாள் கடப்பாரை போட்டு அந்த கட்டையோட நெம்பி எடுக்கணும், சின்னது கையால இழுத்தாலே வந்துடும். இதுல எங்க வூட்டு மேல ஒரு குத்தம் இருக்கு, மறைக்கல. அந்த காய ஆடுங்க ஆசையா தின்னும், கொட்டை செரிக்காது, புழுக்கையில வந்து மொளைக்கும். எங்க ஆடு தான் தோப்புக்குள்ள பாதிய வெதைச்சிருக்கும். ரோட்டு ஓரமா இருக்குற பெரிய பெரிய சீமை கருவேலத்துக்கு வேணும்னா அரை நாள் ஜேசிபி விடுங்க, அதுல எனக்கு சண்டை இல்ல. உள்ள வேணாம்.

சரி, முன்ன எப்படி இருந்துச்சு? இத தான் ஆயா கிட்ட ஒரு வாரமா தோண்டி தோண்டி கேட்டுக்கினு இருக்கேன். நம்ம கணக்குல இது தோப்பு புறம்போக்கு, ரெண்டு ஏக்கருக்கு கொஞ்சம் மேல. கோயில ஒட்டின பாகத்துல பச்சை மரத்துல கோடாலி வெக்க கூடாது, வெச்சா காவல் சாமி வாழ்முனி அடிச்சிடும், காஞ்சு வுழுந்தத மட்டும் பொறுக்கலாம். அந்த ஒசந்த முனி செலைங்கள சும்மா உக்கார வெக்கல போல, சம்பளம் இல்லாத வாட்சர். அத தாண்டி வெளிப்பாகம் ஊருக்கு. கயினில (வயல்ல) தண்ணி கட்டி சேடை ஓட்டறதுக்கு முன்ன வூட்டுக்கு ஒரு ஆளு போயி புங்கந்தழை வெட்டிக்கினு வருவாங்க, தலைச்சுமை கணக்கு, சேத்துல போட்டு மிதிச்சா அதான் உரம். மரத்துல மூணுல ஒரு பங்கு கொப்ப விட்டுட்டு தான் எறங்கணும், மொட்டை அடிச்சா ஊர்ல ஏசுவாங்க. கொப்ப மேல இருந்து ஒரே வெட்டா வெட்டக்கூடாது, முதல்ல அடிப்பக்கம் ஒரு கொத்து, அப்புறம் மேல, இல்லன்னா கொப்பு சாயறப்போ தோல கீழ வரைக்கும் உரிச்சிக்கினு வரும். வெட்டுவாய் சாய்வா இருக்கணும், தண்ணி நின்னா அழுகும். இத சொல்றப்போ ஆயா வெறும் கையாலயே காத்துல வெட்டி காமிக்குது, அந்த மணிக்கட்டு திரும்புற திருப்ப இங்க எழுத வரல.

துரிஞ்சி அஞ்சாறு தண்டா நிக்குதுன்னு சொன்னேன்ல, அது தானா அப்படி ஆவல. தை மாசம் தரையோட ஒட்டி வெட்டுவாங்க, பங்குனியில கட்டையில இருந்து துளிர் வரும், அதுல நல்ல தண்டு அஞ்சாற விட்டுட்டு மிச்சத்த கழிப்பாங்க, நாலஞ்சு வருஷத்துல பந்தக்கால், மாட்டுக்கொட்டாய்க்கு கம்பு, எலைய காயவெச்சு இடிச்சா தலைக்கு தேய்க்க. கரும்புல மறுதாம்பு விடறோம்ல, அதே தான் மரத்துல. தோப்ப நாலா பிரிச்சு ஒரு வருஷத்துக்கு ஒரு கால் பாகம் மட்டும் வெட்டறது, வெட்டின பாகத்துல ரெண்டு வருஷத்துக்கு இலந்தை முள்ளு போட்டு ஆட்ட விடமாட்டாங்க, மத்த மூணு பாகத்துல மேயலாம். எங்க வூட்டுல மூணு தலைமொறையா ஆடு, அதனால இந்த கணக்கு ஆயாவுக்கு மனப்பாடம். நொச்சிய வருஷா வருஷம் அடியோட வெட்டுனா தான் நீளமா விளாறு வரும், அதுல கூடை பின்னலாம், வெட்டாம விட்டா முண்டும் முடிச்சுமா வளைஞ்சிடும். இப்ப ஏரி பக்கம் இருக்குற நொச்சில ஒரு கூடைக்கு கூட தேறாது.

யூரியா வந்துச்சு, தழை வெட்டறது நின்னுச்சு. கேஸ் அடுப்பு வந்துச்சு, சுள்ளி பொறுக்கறது நின்னுச்சு. பிளாஸ்டிக் கூடை வந்துச்சு. நாங்கல்லாம் ஷூ கம்பெனிக்கு போயிட்டோம். யாரையும் குத்தம் சொல்லல, புகையில எங்கம்மா கண்ணு கெட்டது எனக்கு தெரியும், மறுபடி வெறகடுப்புக்கு போகச்சொல்ல எனக்கு பைத்தியமா. ஆனா மனுஷன் உள்ள போறது நின்ன அன்னிக்கு தான் தோப்பு புதராக ஆரம்பிச்சுது. இப்ப நீங்க பூட்டு போட்றேன்றீங்க, கொஞ்சநஞ்சம் போற பசங்களும் போக மாட்டாங்க.

அடுத்தது அந்த 500 செடி. மூணு வருஷம் முன்ன இதே மாதிரி ஒரு விழா நடந்துச்சு, நான் எந்த அமைப்புன்னு சொல்ல போறதில்ல, வந்தவங்க நல்ல மனசோட தான் வந்தாங்க. 200 செடி, ஒவ்வொன்னுக்கும் பேர் எழுதின அட்டை, கேசரி, போட்டோ. மறு வருஷம் வைகாசியில அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு நான் ஆடு ஓட்டிக்கினு போனப்போ எண்ணி பாத்தேன், 11 இருந்துச்சு. செத்த ஒன்ன புடுங்கி பாத்தேன், கறுப்பு கவரு அப்படியே இருக்கு, உள்ள வேரு போக வழியில்லாம முறுக்கு மாதிரி சுத்தி சுத்தி நிக்குது. கவரு கூட கிழிக்காம நட்டிருக்காங்க. அதுவும் என்ன செடி, மே பிளவரு, தூங்குமூஞ்சி. ஒன்னு மடகாஸ்கர்ல இருந்து வந்தது, இன்னொன்னு தென் அமெரிக்கா பக்கம். புளியமரமே ஆப்பிரிக்காவுல இருந்து வந்தது தான்னு இளைஞர் மன்றத்து தம்பி ஒருத்தர் மடக்குவார், தெரியும், அதுக்காக புளிய விட்டுட்டு நான் கொழம்பு வெக்க முடியாது. புளி வந்து எத்தனையோ தலைமொறை ஆச்சு, மே பிளவரு எங்க ஏரிக்கு வந்து மூணு வருஷம் தான் ஆச்சு.

குறுங்காடுன்றது ஜப்பான்ல மியாவாக்கின்னு ஒரு தாவரவியல் பேராசிரியர் கொண்டாந்த முறை, அவரு 2021-ல 93 வயசுல காலமானாரு. சதுர மீட்டருக்கு மூணு நாலு செடி நெருக்கமா, அந்த மண்ணுக்கு சொந்தமான மரமா பாத்து நட்டு, முதல் ரெண்டு மூணு வருஷம் தண்ணி விட்டு களை எடுத்து பாத்துக்கணும். நல்ல முறை தான், ஒன்னும் இல்லாத பொட்டல்ல. ஸ்கூலுக்கு எதிர்ல குப்பை கொட்ற எடம் இருக்கே, அங்க வெய்யுங்க, நானே வந்து குழி எடுக்கறேன். ஏற்கெனவே காடா இருக்குறத அழிச்சிட்டு அதே எடத்துல குறுங்காடு வெக்கறது, இருக்குற பல்ல புடுங்கிட்டு பல்செட் மாட்ற கதை.

2022-ல பசுமைத் தமிழ்நாடு இயக்கம்னு ஆரம்பிச்சு மாநிலத்துல காடும் மரமும் சேந்து 33 சதவீதம் ஆக்கணும்னு வெச்சிருக்காங்க, அதுல நம்ம ஊர் கணக்கும் ஏறணும்னு உங்களுக்கு மேல இருந்து பிரஷர் இருக்கும், புரியுது. நட்ட செடி எண்ணிக்கை காமிக்கணும், போட்டோ அனுப்பணும். காமிக்கறதுக்கு வழி சொல்றேன்.

இப்ப ஆவணி. ஏரிக்கரை பனைங்கள்ல பழம் வுழுந்துக்கினு இருக்கு, காலைல போனா வாசனையே வரும். பசங்கள விட்டு பொறுக்க சொல்லுங்க, சப்பிட்டு போட்ட கொட்டைய கூட விடாதீங்க. புரட்டாசி மழைக்கு முன்ன கரையோரமா ஆறடிக்கு ஒன்னு, ஒரு சாண் குழி, அவ்ளோ தான், தண்ணி வேணாம் கூண்டு வேணாம் ஆடும் கடிக்காது. மொளை முதல்ல கீழ போயி தான் மேல வரும், அதனால ஒரு வருஷம் ஒன்னும் தெரியலன்னு யாரும் தோண்டி பாக்காதீங்க, கெழங்கு ஆசையில பசங்க தோண்டுவாங்க, அதுக்கு தனியா ஒரு மூலையில பாத்தி போட்டுடுங்க. காய்க்க பதினஞ்சு இருபது வருஷம் ஆவும். தென்னை வெச்சவன் தின்னுட்டு சாவான், பனை வெச்சவன் பாத்துட்டு சாவான்னு சும்மாவா சொன்னாங்க. ஆனா 2021 நவம்பர்ல பாலாறு வெள்ளம் ஊரெல்லாம் பேச்சா இருந்தப்போ நம்ம ஏரியும் ரொம்பி வழிஞ்சு கோடி போச்சே, அப்ப கரை எங்க சரிஞ்சுது? மதகுக்கு தெக்கால, பனைய வெட்டி செங்கல் சூளைக்கு அனுப்பின எடத்துல. பனை இருந்த எடத்துல ஒரு கூடை மண்ணு கூட போவல. அதே வருஷம் தான் கலெக்டர் அனுமதி இல்லாம பனைய வெட்டக்கூடாதுன்னு அரசாங்கம் அறிவிச்சுது.

செடியா கண்ணுக்கு உடனே தெரியணும்னா போத்து நடுங்க. பூவரசு, ஆல், ஒதியன், கல்யாண முருங்கை, இதெல்லாம் கொப்ப வெட்டி நட்டாலே வரும், நர்சரிக்கு காசு குடுக்க வேணாம். மணிக்கட்டு தடிமன், ஆள் ஒசரம், அடிய சாய்வா சீவி ரெண்டு நாள் நெழல்ல சாத்தி வெச்சு, முழங்கை ஆழத்துக்கு நட்டு மிதிச்சு, உச்சியில சாணியும் களிமண்ணும் பெசஞ்சு ஒரு உருண்டை அப்பணும், வெயில்ல வெட்டுவாய் காயாம இருக்க. ஆயா அந்த உருண்டைய அப்பிட்டு மேல ஒரு தட்டு தட்டும், கொழந்தை தலையில எண்ணெய் வெக்கற மாதிரி. ஐப்பசி மழை புடிச்சதும் நட்டா தையில துளிர் வந்துடும். ஆள் ஒசரத்துல துளிர் வர்றதால ஆடு எட்டாது, ஆனா மாடு முதுகு தேய்க்கும், போன தடவை எங்கம்மா வெச்ச ரெண்டு அதுல தான் சாஞ்சுது, அதனால சுத்தி நாலு முள்ளு கட்டுங்க.

வேலி வேணும்னா கம்பி எதுக்கு? கொடுக்காப்புளியும் நொச்சியும் மாத்தி மாத்தி நட்டா ரெண்டு மூணு வருஷத்துல ஆடு பூராத வேலி, பசங்களுக்கு தின்ன காயும் ஆச்சு. கேட்டு மட்டும் வெக்காதீங்க. பசங்க உள்ள போகணும். களா, சூரப்பழம், பாலைப்பழம், நாவல், இதெல்லாம் எப்ப பழுக்கும்னு எனக்கு தெரிஞ்சது ஸ்கூல்ல இல்ல, அந்த தோப்புல தான், என் பையனுக்கு பாலைப்பழம்னா என்னன்னு இந்த ஞாயித்துக்கிழமை தான் தெரியும், அதுவும் மரத்த தான் காமிச்சேன், பழம் சீசன் முடிஞ்சிடுச்சு.

நம்ம பக்கத்து ஊர் பேருங்கள ஒரு தடவை யோசிச்சு பாருங்க, மரம் பேரு தான் காதுல வுழும். ஆலங்காயம், பனப்பாக்கம், விளாப்பாக்கம், புளியங்கண்ணு, நம்ம பக்கத்து இலவம்பாடி (அது இப்ப 2023-ல புவிசார் குறியீடு வாங்கின முள்ளு கத்தரிக்காய்க்கு தான் பேமஸ்). ஆற்காட்ட ஆறு காடுன்றாங்க சிலபேர், ஆர்னா ஆத்தி மரம், ஆத்திக் காடுன்றாங்க சிலபேர். 1989-ல வடாற்காட்ட ரெண்டா பிரிச்சாங்க, 2019-ல வேலூர மூணா பிரிச்சாங்க, பேர்ல இருந்த காடு போர்டுல இருந்தே போயிடுச்சு. நம்ம கிட்ட மிச்சம் இந்த ரெண்டு ஏக்கரு.

நான் கேக்கறது பெருசா ஒன்னும் இல்ல. ஜேசிபிய நிறுத்தி வெய்யுங்க. அக்டோபர் 2 கிராம சபையில தீர்மானத்த மாத்தி வெய்யுங்க, இந்த தடவை நான் முழிச்சிக்கினு இருப்பேன். வேலி, பேவர் பிளாக்குக்கு ஒதுக்கின காசுல பாதி போதும், 100 நாள் வேலை அக்காங்கள்ல தழை வெட்ட, முள்ளு கட்ட தெரிஞ்சவங்க இன்னும் ஏழெட்டு பேர் இருக்காங்க, எல்லாரும் அறுபது தாண்டினவங்க, அவங்களுக்கு ஏரியில குழி தோண்ற வேலை குடுக்கறதுக்கு பதிலா தோப்பு வேலை குடுங்க, இளைஞர் மன்றத்துல இருந்து ஆளுக்கு ஒருத்தர் கூட நின்னு கத்துக்கட்டும். தை மாசம் முதல் கால் பாகம் வெட்டறப்போ வர்ற கம்ப ஏலம் விட்டா அந்த கூலியில கொஞ்சம் திரும்பி வரும். இலுப்பை கொட்டைய பொறுக்கி செக்குல குடுத்தா பச்சையம்மன் வெளக்குக்கு எண்ணெய், இப்ப பாமாயில் ஊத்தறோம், அம்மன் கேக்காதுன்ற தைரியம். அந்த கால் பாகத்துல ரெண்டு வருஷம் எங்க ஆடு போவாது, அதுக்கு நான் கேரண்டி, எங்கம்மா கிட்ட இன்னும் சொல்லல, சொல்லிக்கறேன்.

வர ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு ஆயா தோப்புக்கு வருது. பிரசிடென்ட் அண்ணன், மெம்பருங்க, தம்பிங்க யாரு வந்தாலும் வாங்க, அரை மணி நேரம் உள்ள நடந்துட்டு வந்துடலாம். பேன்ட் போட்டுக்கினு வாங்க, முள்ளு கிழிக்கும். கொடுவா இருந்தா எடுத்தாங்க, மொட்டையா இருந்தாலும் பரவால்ல, சாணைக்கல்லு எங்க வூட்டுல இருக்கு. கேவுரு கூழும் பச்சை மிளகாயும் நான் கொண்டாறேன், வெங்காயம் யாராவது எடுத்தாங்க, வெல விக்கற வெலைக்கு என்னால ஆவாது.

இப்படிக்கு,
மேட்டுத்தெரு, கடைசி வூடு